வைட்டாப் மேடேறிய விலாங்கு

மேவிஸ் டௌஸ் ஆறு வருஷமாக ஒரு மனிதனைக் கொன்றுகொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒரு தடவை, முதல் செவ்வாய்க்கிழமை, மாலை ஏழரை மணிக்கு, தேநீர் வருவதற்குச் சற்று முன்னால். அவனும் ஒவ்வொரு தடவையும் எழுந்து, மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுத்த மாதம் திரும்ப வந்து உட்கார்ந்தான். செத்தது தெரியாமல் நடமாடுகிறவர்கள் எங்கள் ஊர் ஸ்கெல்பியில் எப்போதும் உண்டு. பாதிப் பேர் ஊர்க் குழுவில் இருக்கிறார்கள்.

கொலைக் கருவி, துருப்பிடித்த பழைய இரும்பு.

ஸ்கெல்பி உலோகம் தேடுவோர் சங்கத்தில் அறுபது உறுப்பினர்கள். அறுவடை முடிந்ததும் டிடெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வயலில் இறங்குவார்கள். வெள்ளிக் காசுக்கு ஒரு சத்தம், ஈயத்துக்கு ஒரு சத்தம், தங்கத்துக்கு ஒரு சத்தம். இரும்புக்கு மட்டும் கரகரவென்று ஓர் உறுமல். அது காதில் விழக் கூடாது என்று எல்லோரும் பொத்தானைத் திருகி வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் ஆணியும் லாடமுமாகத் தோண்டியே இடுப்பு போய்விடும். மேவிஸ் நேர்மாறாகத் திருகி வைத்திருந்தாள். தங்கம் காலடியில் கிடந்து கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. இரும்பு முனகினால் போதும், முட்டி போட்டுவிடுவாள். ஒரு தடவை வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற உயிருள்ள குதிரையின் லாடத்துக்கே அவள் டிடெக்டர் உறுமியதாம். நான் பார்க்கவில்லை. குதிரை சொன்னது.

"தங்கத்தைப் பார்த்து தங்கம்னு யாரு வேணா சொல்லிடுவான்," என்பாள். "இரும்பைப் பார்த்து, இது என்ன வேலை பாத்துச்சு, யாரு கையில இருந்துச்சுன்னு சொல்லு. அங்கதான் தெரியும் ஆளு யாருன்னு."

பிறவியிலேயே இப்படி இருந்தவள் இல்லை. இருபத்தேழு வருஷம் பீட்ரூட் ஊறுகாய்த் தொழிற்சாலையில் தோல் உரித்தவள். அவளோடு கை குலுக்கியவர்களின் விரல் மூன்று நாளைக்குச் சிவந்திருக்கும். டிடெக்டர் பைத்தியம் அவளுடைய கணவன் வில்ஃப்புக்குத்தான். வில்ஃப் வடிகால் வாரியத்தில் வாய்க்கால் தூர்வாருகிறவன். பேச்சு மிகக் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு வாக்கியம், அதில் ஒன்று "டீ இருக்கா?"

அவன் தோண்டியது ஒரே ஒரு பண்ணையில். எனிட் காத்தார்ன் என்ற கிழவியின் பண்ணை, சதுப்பு ஓரத்தில். எனிட் யாரையும் உள்ளே விட்டதில்லை. தேர்தலுக்கு வாக்குக் கேட்க வந்தவரை வாத்துக் கூட்டத்தை ஏவி விரட்டினாள். அவர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஒரு புயலில் அவளுடைய கோழிக்கூண்டு பறந்துபோய் வாய்க்காலில் விழ, வில்ஃப் தூக்கிவந்து ஆணி அடித்துக் கொடுத்தான். அதற்காகத் தீவனப் பையைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதித் தந்தாள்: "வில்ஃப் டௌஸ் மட்டும். வேறு எவன் வந்தாலும் சுடுவேன். எனிட் காத்தார்ன்."

இந்தத் தொழிலில் அந்தக் கிழிசல் காகிதத்துக்கு மேல் ஒன்று கிடையாது. உரிமைக்காரரின் அனுமதி இல்லாமல் வயலில் இறங்குகிறவனை ராப்பருந்து என்பார்கள். அந்தப் பேர் விழுந்தால் எந்தச் சங்கமும் சேர்க்காது, எந்தப் பண்ணைக் கதவும் திறக்காது, மதுக்கடையில் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். கோயில் உண்டியலைத் திருடியவனோடுகூடச் சேர்ந்து பியர் குடிப்பார்கள். ராப்பருந்தோடு மாட்டார்கள்.

ஓர் அக்டோபர் ஞாயிறு, வில்ஃப் எனிட்டின் கீழ்வயலிலிருந்து முழ நீள இரும்பு ஒன்றைக் கொண்டுவந்து சமையலறை மேசையில், பாலாடைக்கட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். தட்டையான ஒற்றை அலகு. ஓரத்தில் ரம்பம்போல் பற்கள். அடியில் கைப்பிடி செருகும் குழல், அது நிறைய மண்.

"என்ன இது?" என்றாள் மேவிஸ்.

"விலாங்குக் கவை. சேத்துல குத்தினா, விலாங்கு இந்தப் பல்லுக்கு நடுவுல மாட்டிக்கும். நாலு அலகு இருந்திருக்கும், மூணு ஒடிஞ்சு போச்சு. எங்க மாமாகிட்ட ஒண்ணு இருந்துச்சு."

ஒரே மூச்சில் ஞாயிற்றுக்கிழமைக்கான கணக்கு முடிந்துவிட்டது. அப்படியும் மேவிஸ் ஒரு கம்பியை எடுத்துக் குழலுக்குள் நோண்டப் போனபோது அவன் கையைப் பிடித்தான்.

"விடு. அது அதோட சொந்த மண்ணு."

அதற்குள் ஒரு கட்டி உதிர்ந்து மேசையில் விழுந்தது. கறுப்பு மண்ணுக்கு அடியில் கிடக்கும் வெளுத்த களி, பாலாடைக்கட்டி நிறம். இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிவிட்டு மேவிஸ் திரும்பிப் பார்த்தபோது அது நீலமாகியிருந்தது, துணிக்குப் போடும் நீலம்போல.

"காத்து பட்டா பூக்கும்," என்றான் வில்ஃப். "எலும்பு ஊறின மண்ணு."

அடுத்த செவ்வாய்க்கிழமை அதைச் சங்கத்துக்கு எடுத்துப்போனான். அங்கே மேசைக்குப் பின்னால் ராட்னி ஸ்லேட்டர் உட்கார்ந்திருந்தான். ஓய்வுபெற்ற ஏலக்காரன், சதுப்பு மண் பழகாத மேட்டுப் பக்கத்து ஆள், பத்தொன்பது வருஷமாகச் சங்கத் தலைவன். அவனுடைய மீசையில் ஒரு வசந்த காலம் முழுவதும் சிட்டுக்குருவி முட்டையிட்டு அடைகாத்தது, அவன் கவனிக்கவில்லை. யார் எதைக் கொண்டுவந்தாலும் என்னவென்று சொல்வது அவன்தான். அவன் காலடியில் ஒரு பழைய பெயின்ட் வாளி இருக்கும். "ட்ராக்டர்" என்று, அதாவது ட்ராக்டரிலிருந்து உதிர்ந்த குப்பை என்று, அவன் சொன்ன இரும்பெல்லாம் வாளிக்குப் போகும்.

வில்ஃப்பின் இரும்பை அவன் ஒரு தடவை திருப்பினான்.

"ட்ராக்டர்." டங்.

"விலாங்குக் கவைங்க அது," என்றான் வில்ஃப்.

"விலாங்கா! வில்ஃப், என் வாத்தே, உனக்கு எதைப் பாத்தாலும் வாய்க்கால்தான்யா!"

எங்கள் பக்கத்தில் பாசமாக வாத்தே என்றுதான் கூப்பிடுவோம். ராட்னி அதைச் சொன்னால் மட்டும் இறகு பிடுங்குவதுபோல் இருக்கும். எல்லோரும் சிரித்தார்கள். வில்ஃப் உட்கார்ந்துகொண்டான். கூட்டம் கலைந்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான். கலைந்தபின் வாளியில் பார்த்தால் அது இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, நகர நூலகத்தின் மாடியில் இருக்கிற சின்ன அருங்காட்சியகத்தில், சிவப்பு வெல்வெட் துணிமேல், தனி விளக்கு வெளிச்சத்தில் அது படுத்திருந்தது. பக்கத்தில் அட்டை. ராட்னியின் அழகான சாய்ந்த கையெழுத்து: "சாக்சன் பிரபுவின் முள் ஈட்டி. வைட்டாப் மேடு. கண்டெடுத்தவர்: ராட்னி ஸ்லேட்டர்."

வைட்டாப் சுண்ணாம்பு மேடு. உழுதால் வயல் பனி பெய்ததுபோல் வெளுக்கும். குழலின் வாயைச் சுரண்டி உள்ளே வெள்ளை மண்ணைப் பார்த்த மேட்டுக்காரன், அதற்குத் தோதாக ஒரு வெள்ளை மேட்டைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

அடுத்த கூட்டத்தில் வில்ஃப் எழுந்து நின்றான். "அது என்னோடது. வாளியில இருந்து எடுத்தது. காத்தார்ன் பண்ணை. நீ திருடன், ராட்னி." பத்தே சொற்கள். பிற்பாடு மேவிஸ் எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

ராட்னிக்குக் கோபமே வரவில்லை. ஏலம் விடுகிற குரலில் கேட்டான்: "தலைவரைத் திருடன்னு சொன்னவர் மன்னிப்புக் கேக்கணும், இல்லேன்னா வெளிய போகணும். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. வில்ஃப் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன்பிறகு அவன் டிடெக்டரைத் தொடவில்லை. அதன் சத்தத்தைக் கேட்க மாட்டிக்கொள்ளும் காதுக் கருவி கொட்டகையில் ஆணியில் தொங்கியது. இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி வந்து படுத்தான். கடைசி வாரம், யாரும் எதுவும் கேட்காதபோது, "அது விலாங்குக் கவைதான், மேவிஸ்," என்றான்.

"தெரியும்யா," என்றாள் மேவிஸ்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவள் காதுக் கருவியை ஆணியிலிருந்து எடுத்தாள். சங்கத்தில் சேர வந்தவளுக்கு ராட்னியே உறுப்பினர் அட்டையை நீட்டினான். "வில்ஃப் நல்ல மனுஷன்தான், மேவிஸ். கடைசியில கொஞ்சம் குழம்பிட்டாரு." மேவிஸ் சிரித்தாள். தேநீர் ஊற்றுகிற பொறுப்பு என்னுடையது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கெண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே பொருள். அருங்காட்சியகத்து அட்டை. அதில் வில்ஃப்பின் பேர் இருக்க வேண்டும். "ராட்னி தலை வேண்டாமா?" என்று கேட்டேன். "குடுத்தா வாங்கிக்குவேன். கேக்க மாட்டேன்," என்றாள்.

வியாழக்கிழமைதோறும் நூலக மாடிக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிற்பாள். ராட்னி இரும்புக்கு மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தான். குழலின் வாயிலும் மெழுகு வழிந்து மூடி போட்டதுபோல் இறுகியிருந்தது. அதன் அடியில் வெள்ளையாக, காற்றுப் படாமல், கீழ்வயல் மண். திருடியவனே சாட்சியைப் பத்திரமாக டப்பாவில் அடைத்து வைத்திருந்தான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் இரும்பைப் பற்றிப் பீட்ரூட் உரிக்கிறவள் சொன்னால் யார் கேட்பார்கள்? முதலில் அந்தக் கூடம் ராட்னியின் வாயைப் பார்ப்பதை விட்டு அவள் வாயைப் பார்க்க வேண்டும். அதற்கு எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

எனவே நாலு வருஷம் படித்தாள். பழைய கொல்லுப் பட்டறைகளின் விலைப்பட்டியல்களை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள். முதியோர் இல்லங்களுக்குப் பையில் இரும்போடு போய், ஆளுக்கு ஒரு துண்டு ப்ளம் ரொட்டி கொடுத்து, "இது என்ன சொல்லுங்க," என்று கேட்டாள். எண்பது வயதுப் பண்ணையாள்கள் இரும்பைக் கையில் வாங்கியதுமே தோளை அசைத்துக் காட்டுவார்கள், அந்த அசைவில் வேலை தெரிந்துவிடும். வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், கார் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் கருவியின் இரண்டு கம்பிகள், நடுவில் தொங்குகிற இரும்பு. இரவெல்லாம் குமிழி விட்டுத் துரு கழன்று, காலையில் பட்டறை முத்திரை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டுதான் அவள் காலைக் கஞ்சி குடிப்பாள்.

பிறகு ஆரம்பித்தாள். ஒரு கூட்டத்துக்கு ஒன்று. இரண்டு கிடையாது.

"ரோமானியக் குதிரைவீரன் ஈட்டிமுனை!" என்றான் ராட்னி ஒரு செவ்வாய்க்கிழமை.

"மெதடிஸ்ட் கோயில் வேலிக் கம்பியோட நுனி," என்றாள் மேவிஸ், பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரிலிருந்து கண் எடுக்காமல். "மீதி முப்பத்தொண்ணு அங்கயே நிக்குது. போறப்போ எண்ணிட்டுப் போங்க."

எண்ணிவிட்டுத்தான் போனார்கள்.

அடுத்த மாதம் "வைக்கிங் படகு நங்கூரம்." மேவிஸ்: "கிணத்துல விழுந்த வாளிய எடுக்கிற கொக்கி. உங்க வீட்டுக் கிணத்துல ஒண்ணு கிடக்கும் பாருங்க, ராட்னி, உங்க அம்மா அதை இரவல் வாங்கித் திருப்பித் தரவேயில்லைன்னு எங்க தெருவுல இன்னும் சொல்லிக்கிறாங்க."

இடுக்கி விவகாரம்தான் உச்சம். யாரோ நீளமான இரட்டைப்பிடி இடுக்கி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். "சீமாட்டிகள் கூந்தல் சுருட்டுகிற கருவி!" என்று அறிவித்த ராட்னி, அதைத் தன் மீசையில் மாட்டிச் சுருட்டிக் காட்டினான். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். மேவிஸுக்கு அன்றைக்கே தெரியும். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் ரொட்டியை மென்றாள். பத்திரிகை வெளியாகி, மீசையும் இடுக்கியுமாக ராட்னி நாலாம் பக்கத்தில் சிரித்து, ஊர் முழுக்க அதைப் பார்த்து முடித்தபிறகு, அடுத்த மாதம் எழுந்தாள்.

"போன மாசம் சொல்ல மறந்துட்டேன். அது கிடாக்குட்டிக்கு விதை நசுக்குற இடுக்கி."

கூடத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கால்மேல் கால் போட்டார்கள். பிறகு வந்த சிரிப்பில் கூரையிலிருந்து இரண்டு ஓடு விழுந்தது. ஒன்று மூன்று மைல் தள்ளிக் கிடைத்தது. அடுத்த வாரம் ராட்னியின் மீசை பாதியாகிவிட்டது. ஆட்கள் அவன் மேசைக்குப் போகும் வழியில் முதலில் மேவிஸின் நாற்காலியருகே நின்று, இரும்பை லேசாகக் காட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

சங்கத்துக்கு நாற்பதாம் ஆண்டு வந்தது. செப்டம்பர் ஞாயிறு, மதியம். மாவட்டத்தில் கிடைக்கிற பொருள்களையெல்லாம் பதிவு செய்யும் அதிகாரி, இமோஜன் என்ற இளம்பெண், சிறப்பு விருந்தினராக வந்தாள். "ஈட்டி"யை அருங்காட்சியகத்திலிருந்து வெல்வெட் துணியோடு தூக்கிவந்து நடு மேசையில் வைத்திருந்தார்கள். ராட்னிக்குப் பேர் பொறித்த கண்ணாடிக் கிண்ணம் கொடுப்பதாக ஏற்பாடு. மேவிஸ் கணவனை அடக்கம் செய்த அன்று போட்ட தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கையில் கைப்பை, மறு கையில் எனிட் காத்தார்ன். எனிட்டுக்கு வயது தொண்ணூற்றொன்று. கோழி விற்பதற்கல்லாமல் இருபது வருஷமாக வெளியே வராதவள்.

ராட்னி பேசினான். ஈட்டியைப் பிடித்த பிரபுவின் கை, வைட்டாப் மேட்டில் நடந்திருக்கக்கூடிய போர், மண்ணுக்குள்ளிருந்து தன்னைக் கூப்பிட்ட வரலாறு. கைதட்டல் அடங்கியதும் மேவிஸ் கை தூக்கினாள்.

"ஒரு சின்ன சந்தேகம், ராட்னி."

"கேளு, என் வாத்தே."

"ஈட்டின்னா குத்தணும்ல? இதுக்கு நுனி ஏன் கட்டைவிரல் மாதிரி உருண்டையா இருக்கு?"

"ஆயிரம் வருஷம் மண்ணுல கிடந்தா உன் நுனியும்தான் தேயும்." சிரித்தார்கள்.

"ஓரத்துல பல்லு பதினாலும் தேயாம அப்படியே இருக்கே. நுனி மட்டும் தனியா எந்திரிச்சுப் போய்த் தேஞ்சுட்டு வந்துச்சா?"

இப்போதும் சிரித்தார்கள், ஆனால் வேறு பக்கமாக. இமோஜன் பூதக்கண்ணாடியை எடுத்தாள். "நீங்க என்னன்னு நினைக்கிறீங்க, மிஸஸ் டௌஸ்?"

"விலாங்குக் கவைம்மா. குழலுக்கு மேல பக்கவாட்டுல மூணு தழும்பு இருக்கும் பாரு. மூணு அலகு ஒடிஞ்ச எடம்."

இமோஜன் பார்த்தாள். கூடம் அவள் முதுகைப் பார்த்தது. "இருக்கு," என்றாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. இது விலாங்குக் கவைதான். நூத்தம்பது வருஷம் இருக்கும்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வைட்டாப் மேட்டுல விலாங்கா? நடந்தா போச்சு?"

இன்னொரு குரல்: "பஸ்ஸுல போயிருக்கும்யா. பென்ஷன் வாங்குற விலாங்குக்கு டிக்கெட் இல்ல."

ராட்னிக்குக் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. "என்ன பொருளோ இருக்கட்டும்! நான் தோண்டின பொருள். இந்தக் கையால, வைட்டாப்ல. எவனோ மேட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டிருப்பான். வெள்ளை மண்ணு இன்னும் குழலுக்குள்ள இருக்கு, எடுத்துப் பாருங்களேன்!"

மேவிஸ் பத்து வருஷமாகக் காத்திருந்த வாக்கியம் அது. அதை அவனே, கேட்காமலே, தட்டில் வைத்துக் கொடுத்தான்.

இமோஜன் மெழுகைச் சுரண்டி, ஊசியால் குழலைக் கிளறிக் காகிதத் தட்டில் கொட்டினாள். வெள்ளை.

"பாத்தீங்களா! சுண்ணாம்பு!" ராட்னி தட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான்.

"உறுதியா சொல்றீங்களா? பதிவுல எழுதிக்கட்டுமா?" என்றாள் இமோஜன்.

"எழுதும்மா. கையெழுத்தும் போடுறேன்." போட்டான்.

"சரி," என்றாள் மேவிஸ். "டீ ஆறுது. குடிச்சுட்டுப் பேசுவோம்." தட்டை வாங்கி, வெயில் விழுகிற சன்னலோரம் வைத்தாள்.

வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் தேநீர் ஊற்றியதில்லை. ஒரு கோப்பை நிரம்புவதற்குள் ஒரு ஆள் தாடி வளர்த்துக்கொண்டு வந்தான். மேட்டுக்காரர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். சதுப்புப் பக்கத்தவர்கள் மட்டும், ஒருவர், இருவர், பிறகு ஐந்தாறு பேர், கோப்பையோடு சன்னலோரம் போய் நின்றார்கள். ராட்னி பன்றிக்கறிப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டு, அங்கே என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தான்.

தட்டில் இருந்த மண் முதலில் சாம்பலாக ஆனது. பிறகு கண்ணுக்கு எதிரிலேயே நீலம் ஏறியது.

"சுண்ணாம்பு நீலமாகாது," என்றாள் இமோஜன் மெதுவாக. "இது சதுப்புக் களி. எலும்பு ஊறின களி."

ராட்னி வாயில் இருந்ததை விழுங்கினான். ஏலக்காரன் மூளை வேகமாக ஓடியது. "நாப்பது வருஷத்துல எத்தனை வயலு! கலந்துபோச்சு, அவ்வளவுதான். ஏதோ ஒரு சதுப்பு வயல்ல எடுத்திருப்பேன்."

"எந்த வயல்?" இது மேவிஸ் இல்லை. எனிட் காத்தார்ன், நாற்காலியில் உட்கார்ந்தபடி. "இந்தச் சுத்துவட்டாரத்துல நீலம் பூக்கிறது என் கீழ்வயல் ஒண்ணுதான். மாட்டுக்கு நோவு கண்ட வருஷம் எங்க தாத்தா அறுபது மாட்டை அங்கதான் புதைச்சாரு."

மேவிஸ் கைப்பையைத் திறந்து, தீவனப் பைக் காகிதத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேவாலயத்தில் வசனம் வாசிக்கிற குரலில் வாசித்தாள். "வில்ஃப் டௌஸ் மட்டும். வேறு எவன் வந்தாலும் சுடுவேன்."

"இப்பவும் சுடுவேன்," என்றாள் எனிட். "நீ எப்ப என் வயலுக்கு வந்தே, ராட்னி ஸ்லேட்டர்? ராத்திரியா?"

யார் சொன்னது என்று தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல் கூடத்தின் பின்பக்கத்திலிருந்து கிளம்பி வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது. ராப்பருந்து.

ராட்னியின் முகத்தில் இருந்த இரத்தம் முழுவதும் எங்கேயோ போய்விட்டது. "நான் யாரு வயல்லயும் அனுமதியில்லாம இறங்கினவன் இல்ல!"

"நானும் அதைத்தான் சொல்றேன்," என்றாள் மேவிஸ் மிகவும் அன்பாக. "நீ அப்படிப்பட்டவன் இல்ல. அப்ப எங்க எடுத்தே?"

இரண்டே கதவு. ஒன்றில் ராப்பருந்து, இன்னொன்றில் வாளி.

"வாளியில."

"கொஞ்சம் சத்தமா, வாத்தே. பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

"வாளியில எடுத்தேன்."

"வாளியில போட்டது யாரு?"

"நான்."

"உன் மேசைக்குக் கொண்டுவந்தது?"

"...வில்ஃப்."

மேவிஸ் தொப்பியைச் சரிசெய்தாள். பிறகு ராட்னியின் சட்டைப் பையிலிருந்தே அவன் பேனாவை உருவி, வெள்ளை அட்டை ஒன்றை அவன் முன்னால் வைத்தாள். "உன் கையெழுத்து அழகா இருக்கும். எழுது. விலாங்குக் கவை. காத்தார்ன் பண்ணை, கீழ்வயல். கண்டெடுத்தவர்: வில்ஃப் டௌஸ்."

எழுதினான். பேனாவை அழுத்தியதில் மை சொட்டியது.

"கறை பட்டிருச்சு. வேற அட்டை."

இரண்டாவதில் எழுத்து கோணியது. "இன்னொண்ணு." மூன்றாவது அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஊதி உலர்த்தினாள்.

இமோஜனுக்கு மனம் கேட்கவில்லை. "மிஸஸ் டௌஸ், ஒண்ணு சொல்லணும். இது சாக்சன் ஈட்டி இல்லைங்கிறதால வெல்வெட் பெட்டியில இனிமே வைக்க முடியாது. மாடிப்படிக்குப் பக்கத்துல, வெண்ணெய் கடையிற பீப்பா இருக்கே, அங்கதான்..."

"சாணிக் கூடைக்குப் பக்கத்துல வச்சாலும் எனக்குச் சம்மதம்மா. அட்டை இருக்கணும்."

முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்டோம். அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"வில்ஃப்பை வெளிய போகச் சொல்லி அன்னிக்குக் கை தூக்கினவங்க, இப்ப ஒரு தடவை தூக்குங்க."

அவள் காத்திருந்தாள், காத்திருப்பதில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. ஒரு கை எழுந்தது. பிறகு நாலு. பிறகு இருபத்துமூன்று. இருபத்துமூன்றாவது என்னுடையது. அன்றைக்கு ஒரு கையில் கெண்டி இருந்தது, மறு கையைத் தூக்கினேன். இத்தனை வருஷமாக அதை அவள் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை.

"அப்படியே வச்சிருங்க," என்றாள்.

ஒரு துண்டு ப்ளம் ரொட்டியை எடுத்து, வெண்ணெய் தடவி, மேலே பாலாடைக்கட்டி வைத்து, உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்றாள். உதிர்ந்த துணுக்குகளை விரலால் ஒற்றி எடுத்தாள். இருபத்துமூன்று கைகளும் மேலேயே இருந்தன. என் தோள் இன்னும் மழைக்காலத்தில் வலிக்கிறது.

கறை பட்ட அட்டையையும் கோணல் அட்டையையும் அவள் தூக்கிப்போடவில்லை. ஒன்று அவள் அடுப்புக்கு மேலே இருக்கிறது. இன்னொன்று கொட்டகையில், காதுக் கருவி தொங்கிய ஆணியில்.

ராட்னி சங்கத்தை விட்டுப் போகவில்லை. போனால் ராப்பருந்து என்பது உண்மை என்று ஆகிவிடும் என்று பயம். மூன்றாவது வரிசையில், மீசை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். மேசைக்குப் பின்னால் இப்போது மேவிஸ். முதல் செவ்வாய்க்கிழமைதோறும் அவனும் வரிசையில் நின்று, தான் தோண்டிய இரும்பை அவள் முன்னால் வைக்கிறான். அவள் ஒரு தடவை திருப்புகிறாள்.

"ட்ராக்டர்." டங்.

பெரும்பாலும் ட்ராக்டர்தான். பெரும்பாலும். கூட்டம் கலைந்தபின் அவன் வாளி இருந்த பக்கம் பார்த்துக் கொஞ்ச நேரம் தயங்கி நிற்பதை நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே பார்க்கிறேன். பிரயோஜனமில்லை. வாளியை மேவிஸ் கையோடு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.